வால் வண்டி

காவலர் கார்க் கதவைத் தட்டினார். ஓட்டி வந்தவன் கண்ணாடியை இறக்கினான். வேலையிடத்தில் அவனுக்கு வால் என்று பெயர்.

“வண்டில ஏதாவது கோளாறா?”

“இல்ல சார்.”

“உடம்புக்கு?”

“இல்ல சார்.”

“அப்ப ஏன் இப்படி ஊர்ந்து போறீங்க? பின்னாடி திரும்பிப் பாருங்க.”

வால் திரும்பிப் பார்த்தான். பைபாஸின் வளைவு வரைக்கும் வண்டிகள் நின்றிருந்தன. ஒருவர் காரை விட்டு இறங்கி இடுப்பில் கை வைத்து இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களைப் பிடிக்க பைக்கே எடுத்திருக்க வேண்டாம். நடந்தே வந்திருப்பேன், பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்.” காவலர் சாலையோரப் பலகையைக் காட்டினார். “ஐம்பதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு போட்டிருக்கே, பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். நாங்கதான் நட்டோம்.”

காவலர் அவனை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கருவியில் வண்டி எண்ணைத் தட்டினார்.

“இது மூணாவது தடவை. வேகமா போய் மூணு தடவை மாட்டினவங்க நிறைய பேர். மெதுவா போய் மாட்டினது நீங்க ஒருத்தர்தான். என்ன வேலை பாக்கறீங்க?”

“டிரைவர்.”

சிரிக்கப் போனவர் வாலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அடுத்த வாரம் வாகன ஆய்வாளரைப் பக்கத்துல உக்கார வச்சு இதே ரோட்டுல ஓட்டிக் காட்டணும். சரியா ஓட்டலைன்னா லைசென்ஸ் ரத்து. புரியுதா? ரோடு காலியாத்தானே இருக்கு? முன்னாடி யாரு இருக்கா?”

வால் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். கோடு என்று அவர்கள் கூப்பிடுகிறவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கார் நின்றதால் தூரம் கூடி, முதுகு சிறிதாகியிருந்தது.

“யாரும் இல்ல சார்,” என்றான்.

*

சாலையில் வெள்ளைக் கோடு போடும் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மெஷின் தள்ளுகிறவருக்குக் கோடு என்று பெயர். அவருக்குப் பின்னால் வருகிற வண்டிக்கு வால் வண்டி என்று பெயர். அதை ஓட்டுகிறவன் வால்.

வால் வண்டியின் முதுகில் பெரிய அம்புப் பலகை இருக்கும். தலையில் மஞ்சள் சுழல் விளக்கு. பின்புறம் தடித்த ரப்பர். யாராவது கவனமில்லாமல் வந்து மோதினால் முன்னால் நடக்கிற ஆள்மேல் மோதாமல் அதில் மோத வேண்டும். அதற்காகத்தான் அந்த வண்டி. கோடு நடக்கிற வேகத்தில் அது ஊர்ந்து வரும். மஞ்சள் விளக்கு சுழலும் வரை அப்படிப் போவது வேலை. விளக்கை அணைத்துவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் போனால் குற்றம்.

கூட்டத்தில் இரண்டு விதிகள் உண்டு. கோடு ஒதுங்காமல் வால் அவரைத் தாண்டக் கூடாது. அது ஒன்று. மற்றது, கோடு திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கோடு வளையும். பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நாள் முழுவதும் யாராவது அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். வேலை முடிந்ததும் வால் இரண்டு சின்ன ஹாரன் கொடுப்பான். பீப், பீப். அதற்கு மட்டும் அவர் திரும்புவார்.

இப்படியாகப் பல வருடங்கள் அவருடைய முதுகைப் பார்த்தே வால் வண்டி ஓட்டினான். முகத்தைவிட முதுகு அவனுக்கு நன்றாகத் தெரியும். பசி வந்தால் இடது தோள் இறங்கும். எரிச்சல் வந்தால் கழுத்து உள்ளே போகும். சட்டையில் வியர்வை எந்த மணிக்கு எந்த இடத்தில் பரவும் என்பதுகூடத் தெரியும்.

மாலையில் தன் காரில் அவரை அழைத்துப் போவான். முன்சீட் காலியாக இருந்தாலும் கோடு பின்சீட்டில்தான் உட்காருவார். பேப்பர் விரித்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார். பெல்ட் போட மாட்டார். கார் கத்திக்கொண்டே வரும்.

“பெல்ட்டப் போடுங்கண்ணே. காது வலிக்குது.”

“டேய் வாலு, நாளெல்லாம் ஒரு ஊரே என்னைப் பாத்துக் கத்துது. உன் கார் கத்தறது எனக்குத் தாலாட்டு மாதிரி.”

பைபாஸ் முடிவதற்குள் ஒரு பஸ் நிறுத்தம் வரும். அங்கே இறங்குவார். கதவைச் சரியாகச் சாத்த மாட்டார். ஒவ்வொரு நாளும் வால் இறங்கி வந்து சாத்துவான். “கதவுன்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கான்?” என்று கத்துவான். கோடு திரும்பாமல் கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டுச் சந்துக்குள் போவார். அங்கே சைக்கிள் கடைக்கு மேல் ஓர் அறையில் தனியாக இருந்தார்.

அவர் செத்தது பைபாஸில். வால் வண்டிக்குப் பின்னால் காத்திருந்த கார்களில் ஒன்று பொறுமை இழந்து வரிசையை விட்டு வெளியே வந்தது. எதிர்ப்பக்கம் ஏறித் தாண்டியது. எதிரே பஸ் வரவே மறுபடி உள்ளே வெட்டியது. உள்ளே கோடு இருந்தார்.

வால் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

கோடு குப்புறக் கிடந்தார். அப்போதும் முதுகுதான். மெஷின் கவிழ்ந்து கொதிக்கிற பெயிண்ட் சாலையில் அகலமாகப் பரவியது. வால் ஓடிப் போய்த் தொடுவதற்குள் யாரோ அவனைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் முகத்தைத் துணியால் மூடித்தான் கொடுத்தார்கள். பார்க்க வேண்டாம் என்றார்கள். வால் பார்க்கவில்லை.

விசாரணையில் அவன்மேல் தவறு எதுவும் இல்லை என்று வந்தது. உண்மையும் அதுதான். சிந்திய வெள்ளையின்மேல் கறுப்புப் பூசினார்கள். வேறொரு கூட்டம் வந்து மீதிக் கோட்டைப் போட்டு முடித்தது. சாலையைத் திறந்துவிட்டார்கள்.

திறந்த அன்று மாலை வேலை முடிந்து வால் தன் காரில் அந்த வழியாக வந்தான். முன்னால் கோடு மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்.

*

“மூணாவதா?” என்றாள் மனைவி.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வந்து உடை மாற்றாமல் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணாவது.”

“நல்லது. இனிமே நான் கார் ஓட்டறேன். நீங்க கடைக்கு வந்து மாத்திரை எண்ணுங்க. மெதுவா எண்ணினா யாரும் ஃபைன் போட மாட்டாங்க.”

வால் நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றாமல் இருந்தான்.

“உங்க சூப்பர்வைசர் என்ன சொன்னார்?”

“லைசென்ஸ் போனா வால் அறுந்த மாதிரி, அப்புறம் எனக்கு நீ எதுக்குன்னார்.”

“சிரிச்சுக்கிட்டே சொன்னாரா, சிரிக்காம சொன்னாரா?”

“சிரிக்காமத்தான்.”

அவள் குழாயை மூடினாள். ஒருமுறை அவனுடன் அந்தச் சாலையில் வந்திருக்கிறாள். அவளுக்குச் சாலை மட்டும்தான் தெரிந்தது. பின்னால் ஹாரன், பக்கத்தில் புருஷன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து எதற்கோ பின்னால் போய்க்கொண்டிருந்தான். தடம் மாறச் சொன்னாள். மாறினான். அவரும் மாறிவிட்டார் என்றான். தாண்டிப் போகச் சொன்னாள். கால் போக மாட்டேன் என்கிறது என்றான். அன்று முதல் இதைப் பற்றிக் கேட்கும்போது அவள் குரல் தாழ்ந்துவிடும்.

“இப்பவும் முதுகுதானா?”

“முதுகுதான்.”

“ஒருவாட்டிகூடத் திரும்பல?”

“அவர் எப்படித் திரும்புவார்? கோடு வளைஞ்சிடும்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். மேசையில் கிடந்த மிளகாய்க் காம்பு ஒன்றை விரலால் உருட்டினாள்.

“அன்னைக்கு ஹாரன் அடிச்சீங்களா?”

“எப்ப?”

“வேலை முடிஞ்சதும் அடிப்பீங்களே, ரெண்டு தடவை.”

வால் யோசித்தான். போலீஸ்காரர் ஒருவர்தான் வால் வண்டிக்குள் கை விட்டு மஞ்சள் விளக்கை அணைத்தார். சாவியை எடுத்துக்கொண்டார். மறுநாள் வண்டியை வேறு யாரோ கொட்டகைக்குக் கொண்டு வந்தார்கள்.

“இல்ல,” என்றான். “யாரும் அடிக்கல.”

“அப்புறம் வேலை முடிஞ்சதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பினார்கள்.

“பாவம் மனுஷன்,” என்றாள். “என்னைத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிடுவார். இத்தனை நாளா ஓய்வே இல்லாம தள்ளிக்கிட்டு இருக்கார். அடிச்சு விடுங்க.”

“அடிச்சா திரும்பிப் பாப்பார்.”

“பாக்கட்டுமே.”

“முகத்தை மூடிக் கொடுத்தாங்க,” என்றான் வால்.

அவள் உருட்டுவதை நிறுத்தினாள். எழுந்து போய்க் கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

*

ஆய்வாளர் ஐம்பது வயதைத் தொடும் பெண். ஜலதோஷம். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். அது பூட்டிக்கொள்ளும் வரை இழுத்துப் பார்த்தார்.

“மெதுவா ஓட்டறதுக்காக ஒருத்தரை டெஸ்ட் பண்றது எனக்கு இதான் முதல் தடவை,” என்றார். “சாதாரணமா இந்த சீட்ல உக்காந்து சாமியைக் கும்பிட்டுக்கிட்டு வருவேன். இன்னைக்குத் தூங்கிடலாம்னு நினைக்கிறேன்.”

“சரிங்க மேடம்.”

“ஜோக் சொன்னேன்.”

“சரிங்க மேடம்.”

அவர் அவனைப் பக்கவாட்டில் பார்த்தார். “விஷயத்தைச் சொல்லிடறேன். பைபாஸ்ல ஐம்பதுக்கும் எண்பதுக்கும் நடுவுல போகணும். காரணம் இல்லாம வேகம் குறைஞ்சா சொல்லுவேன். ரெண்டு தடவைதான். மூணாவது தடவை நான் சொல்ல மாட்டேன், இறங்கிடுவேன்.”

“என்ன காரணம்னா சரி மேடம்?”

“ரோட்டுல ஆள், மாடு, பள்ளம், பழுதான வண்டி. முன்னாடி ஏதாவது இருக்கணும். அதானே.”

வால் தலையாட்டினான்.

ஊருக்குள் நன்றாகத்தான் ஓட்டினான். சிக்னலில் நின்றான், பள்ளி வாசலில் குறைத்தான், வளைவில் கை காட்டினான். ஆய்வாளர் உண்மையாகவே கண்ணை மூடிவிடுவார் போலிருந்தது. பைபாஸில் ஏறி வேகம் அறுபதைத் தொட்டது. இரண்டு பக்கமும் கம்பி வேலி. காலை வெயில். நீளமாக, வளையாமல் வெள்ளைக் கோடு.

கறுப்புப் பூசிய இடம் வந்தது. அதைத் தாண்டியதும் கோடு இருந்தார்.

வாலின் கால் தானாக எழுந்தது. முள் ஐம்பதுக்கு இறங்கியது, நாற்பது, இருபது. பின்னால் முதல் ஹாரன் கேட்டது.

“என்ன ஆச்சு?” ஆய்வாளர் நிமிர்ந்தார். “முன்னாடி ஒண்ணும் இல்லையே. வேகம் எடுங்க.”

கோடு நடந்தார். இடது தோள் இறங்கியிருந்தது. இவ்வளவு இறங்கி வால் பார்த்ததில்லை. பசியாக இருக்கும். சட்டை முழுக்க நனைந்திருந்தது. குதிகால்கள் ஒரு சீராக இல்லாமல் இழுபட்டன. கைகள் மட்டும் மெஷினை நேராக வைத்திருந்தன.

“தம்பி, சொல்றது கேக்குதா? இது ஒண்ணு.”

வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. லாரி ஒன்று நீளமாக ஹாரனை அழுத்தியது. கோடு அசையவில்லை. ஒரு கார் வரிசையை விட்டு வெளியே மூக்கை நீட்டுவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

“ரெண்டு,” என்றார் ஆய்வாளர். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பெல்ட்டின் பூட்டில் கை வைத்தார். “இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். நீங்க டிரைவர். வேற பொழப்பு இருக்கா உங்களுக்கு?”

வேகத்தைக் கூட்டினால் முதுகின்மேல் ஏற வேண்டும். கூட்டாவிட்டால் இன்றோடு ஓட்டுவது முடிந்தது. ஹாரன் அடித்தால் அவர் திரும்புவார்.

வால் பிரேக்கை மிதித்தான். கார் நின்றது.

பீப், பீப்.

ஆய்வாளர் பூட்டிலிருந்து கையை எடுத்தார். “யாருக்கு அடிக்கிறீங்க?”

முன்னால் மெஷின் நின்றது. கோடு கைப்பிடியை விட்டார். இரண்டு கைகளையும் உதறினார். இடுப்பில் கை ஊன்றி முதுகை நிமிர்த்தினார், எப்போதும் செய்வதுபோல. பிறகு திரும்பினார்.

முகம் இருந்தது.

அதே முகம்தான். வியர்வை வழிந்தது. கண்ணைச் சுருக்கிக் காரைப் பார்த்தார். மணிக்கட்டைத் தூக்கி, கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் விரலால் தட்டிக் காட்டினார். எவ்வளவு நேரம்டா, என்பது மாதிரி. கழுத்து உள்ளே போயிருந்தது.

வாலுக்கு அழுகை வரவில்லை. “லேட்டாயிடுச்சுண்ணே,” என்றான்.

“என்கிட்டயா சொல்றீங்க?” என்றார் ஆய்வாளர்.

கோடு காரை நோக்கி நடந்து வந்தார். டிரைவர் பக்கமாகக் கடந்து போனார். வால் தலையைத் திருப்பவில்லை. கார் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது.

வால் கியரைப் போட்டான். முப்பது, ஐம்பது, எழுபது. சாலை காலியாக இருந்தது. பின்னாலிருந்த வரிசை பிரிந்து ஒவ்வொன்றாக அவனைத் தாண்டியது. தாண்டியவர்களில் ஒருவர் கண்ணாடியை இறக்கி ஏதோ திட்டினார். காற்றில் பாதிதான் கேட்டது.

கார் கத்த ஆரம்பித்தது. டிங், டிங், டிங்.

“பின்சீட்ல பை ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்றார் ஆய்வாளர்.

“இல்ல மேடம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். மறுபடி நேராக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். பிறகு இன்னொரு முறை உறிஞ்சினார்.

“ஒரு வாரமா எனக்கு எந்த வாசனையும் தெரியல,” என்றார் மெதுவாக. “இப்ப பெயிண்ட் வாசனை வருது. சூடா.”

டிங், டிங். தூரத்தில் பஸ் நிறுத்தத்தின் கூரை தெரிந்தது. டெஸ்ட் அதையும் தாண்டிப் போக வேண்டும். சொல்லாத இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தாவிட்டால் கோடு அவனோடு வீட்டுக்கே வந்துவிடுவார் என்பதும் தெரியும்.

“மேடம், அடுத்த நிறுத்தத்துல ஒரு நிமிஷம் ஓரம் கட்டணும்.”

“எதுக்கு?”

“ஆள் இறங்கணும்.”

ஆய்வாளர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கதவுப் பிடியை இறுக்கியிருந்தது. கார் கத்தியது.

“இண்டிகேட்டர் போடுங்க,” என்றார்.

வால் போட்டான். ஒதுங்கினான். நிறுத்தத்தில் யாரும் இல்லை. காரை நிறுத்தி ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தான். கார் பின்பக்கம் லேசாக எழும்பியது. கத்தல் நின்றது.

எதிரே சந்து தெரிந்தது. சைக்கிள் கடை பூட்டியிருந்தது. வால் அந்தப் பக்கம் பார்க்காமல் கியரில் கை வைத்தான்.

“இருங்க,” என்றார் ஆய்வாளர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் காட்டினார். அவர் குரல் அவருடையதுபோல இல்லை. “கதவு சரியா சாத்தல.”

வால் இறங்கினான். பின்கதவு விரல் அளவு திறந்திருந்தது. அதன் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். கத்த வேண்டும் போலிருந்தது. வழக்கமாகக் கத்துவதைத்தான். சந்துக்குள் வெயில் மட்டும் இருந்தது. கதவை இழுத்துச் சாத்தினான்.

*

ஆய்வாளர் அலுவலக வாசலில் இறங்கினார். உடனே போகவில்லை.

“ஆளை இறக்க நிறுத்தினா குத்தம் இல்ல,” என்றார். “அதுக்கு முன்னாடி வேகம் குறைஞ்சதுக்கு, ரோட்டுல ஆள்னு போடறேன்.”

“சரிங்க மேடம்.”

“இன்னும் இருக்காரா?”

“இல்ல மேடம்.”

அவர் தலையாட்டினார். படி ஏறும்போது ஒருமுறை நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மனைவிக்குப் போன் செய்தான். லைசென்ஸ் இருக்கு என்றான். கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

“முகம்?” என்றாள்.

“நல்லாத்தான் இருந்தார். கோவமா.”

“கோவமாவா? இருக்காதா பின்ன?” அவள் குரல் உடைந்தது. “வீட்டுக்கு வாங்க.”

வால் திரும்பவும் பைபாஸில் ஏறினான். அறுபதில் போனான். கறுப்புப் பூசிய இடம் வந்தது, போனது. முன்னால் யாரும் இல்லை. வெள்ளைக் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரத்துக்கும் அது மட்டும்தான். மனிதர்கள் போட்டது மாதிரியே இல்லை.

அவர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கலாம் என்று நினைத்தான். தூரத்தில் சின்னதாக. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். கால் எழுந்ததை அவன் கவனிக்கவில்லை. முள் இறங்கியது. நாற்பது, இருபது. நடக்கிற வேகத்தில் கார் ஊர்ந்தது. யாருடைய முதுகும் இல்லாத சாலையை அவன் முன்கண்ணாடியில் முகம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து தேடினான்.

பின்னால் ஹாரன் கேட்டது. சின்னதாக, இரண்டு முறை.

வால் திரும்பிப் பார்த்தான்.

ஒரு லாரி. ஓட்டுகிறவர் யாரோ. கையை வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டினார்.

வால் போனான்.